வீட்டுக்குள் கறுப்புச் சுவர்: அடிப்பதற்கு முன்னும் பின்னும்

கறுப்பு அடித்தால் சுவரின் குறையெல்லாம் இருட்டோடு இருட்டாக மறைந்துவிடும் என்று நம்பி இறங்குகிறவர்கள் உண்டு. நடப்பது நேர்மாறு. வெள்ளைச் சுவரில் கண்ணுக்கே படாத உப்புத்தாள் கீறல், கை வைத்த தடம், ரோலர் நின்று புறப்பட்ட இடம் எல்லாம் கறுப்பில் தனித்தனியாக எழுந்து நிற்கும். இத்தனைக்கும் காரணம் ஒன்றே ஒன்றுதான். அது பிடிபட்டுவிட்டால் பட்டி பார்ப்பதிலிருந்து துடைக்கும் துணி வரை மற்ற முடிவுகளை எடுப்பது எளிது.

சுவரில் விழும் ஒளியில் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதை எல்.ஆர்.வி. என்ற எண்ணாக நிற அட்டைகளில் போடுகிறார்கள். முழு இருட்டுக்கு 0, முழு வெண்மைக்கு 100. நல்ல வெள்ளை எமல்ஷன் 85-ஐ ஒட்டி நிற்கும். கறுப்பு பெரும்பாலும் 4 அல்லது 5 வரை இறங்கி அங்கேயே நின்றுவிடும். நிறமியை எவ்வளவு கூட்டினாலும் இதற்கு அதிகம் கீழே போகாது. காய்ந்த பெயின்ட் படலத்தின் ஒளிவிலகல் எண் சுமார் 1.5. அப்படிப்பட்ட பரப்பில் நேராக விழும் ஒளியில் ஏறக்குறைய 4 விழுக்காடு உள்ளே நுழையாமல் மேலேயே திரும்பிவிடுகிறது. ஜன்னல் கண்ணாடியின் ஒரு முகத்துக்கும் இதே கணக்குதான். உள்ளே நுழைந்த மிச்சத்தைக் கார்பன் நிறமி விழுங்கிவிடும். ஆக, வெள்ளைச் சுவரிலிருந்து கண்ணுக்கு வரும் ஒளியில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்குதான் படலத்தின் மேல்தோலிலிருந்து வருவது. கறுப்புச் சுவரில் வருவது கிட்டத்தட்ட அனைத்துமே மேல்தோலிலிருந்துதான். அந்தத் தோலின் வழவழப்பு ஓரிடத்தில் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும், அதை மூடிவிட அடியிலிருந்து வேறு ஒளி எதுவும் வருவதில்லை.

இடையில் ஒரு செய்தி. சர்ரே நானோசிஸ்டம்ஸ் நிறுவனம் 2014-இல் அறிமுகப்படுத்திய வான்டாபிளாக், ஒளியில் 99.965 விழுக்காட்டை விழுங்கியது. அது செங்குத்தாக நெருக்கி நிற்கும் கார்பன் நானோ குழாய்களின் வேலை; தொட்டால் நசுங்கிவிடும். டப்பாவில் வரும் எந்தச் சுவர்ப் பெயின்டும் அந்த எல்லையை எட்டாது. ஆகவே “மற்றதைவிட அதிகக் கறுப்பு” என்ற வாசகத்துக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை. அந்தப் பணத்தைப் பட்டிக்கும் பிரைமருக்கும் செலவழிக்கலாம்.

மேட்டா, சாட்டினா?

மேலே சொன்ன 4 விழுக்காடு எந்தப் பக்கம் போகிறது என்பதுதான் மேட்டுக்கும் (மங்கல்) கிளாஸுக்கும் (பளபளப்பு) உள்ள வித்தியாசம். பளபளப்பான படலம் அதை ஒரே திசையில் அனுப்பும். அந்தத் திசைக்கு வெளியே நின்றால் சுவர் ஆழமான கறுப்பாகத் தெரியும். அதற்குள் வந்து நின்றால் ஜன்னலும் விளக்கும் சுவரில் மிதக்கும், கூடவே சுவரின் மேடுபள்ளம் அத்தனையும் நெளியும். மேட் படலம் அதே ஒளியை எல்லாத் திசையிலும் சிதறடிக்கும். அதனால் மேட் கறுப்பு எப்போதும் கொஞ்சம் சாம்பல் பூத்த மாதிரியே இருக்கும். பதிலுக்கு எங்கிருந்து பார்த்தாலும் ஒரே மாதிரி இருக்கும், நெளிவும் தெரியாது.

மேட்டின் பலவீனம் உரசல். பை உரசினாலும், தோள் சாய்ந்தாலும், துணியால் அழுத்தித் துடைத்தாலும் மேல்தோலின் நுண்ணிய சொரசொரப்பு தேய்ந்து அந்த இடம் மட்டும் மினுங்கும். அழுக்கென்று நினைத்து மேலும் துடைத்தால் மினுக்கம் பெரிதாகும். இதைத் தவிர்க்க “கழுவக்கூடிய மேட்” வாங்குகிறார்கள். சரியான முடிவுதான், ஆனால் அதன் எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். ஈ.என். 13300 என்ற ஐரோப்பியத் தரநிர்ணயத்தில் ஈரத் தேய்ப்புக்கு 1 முதல் 5 வரை வகுப்புகள் உண்டு. முதல் வகுப்பு என்றால் 200 முறை தேய்த்த பிறகும் படலம் 5 மைக்ரானுக்குக் குறைவாகவே தேய்ந்திருக்கிறது என்று பொருள். அந்தச் சோதனை அளப்பது தேய்மானத்தை மட்டுமே, மினுக்கத்தை அளப்பதில்லை. முதல் வகுப்புக் கறுப்பும் தேய்த்தால் மினுங்கலாம்.

பளபளப்பின் பெயர்களையும் நம்பிவிட வேண்டாம். சாட்டின் என்றால் மிதமான பளபளப்பு, எக்-ஷெல் என்றால் மேட்டுக்கும் சாட்டினுக்கும் இடைப்பட்டது என்பார்கள். ஆனால் ஒரு நிறுவனத்தின் எக்-ஷெல் இன்னொன்றின் மேட்டைவிட மங்கலாக இருக்கக்கூடும். தொழில்நுட்பத் தாளில் பளபளப்பு எண் இருக்கும். அதே தரநிர்ணயத்தின்படி 85 பாகைக் கோணத்தில் 10-க்குக் கீழே இருந்தால் மேட், 5-க்குக் கீழே இருந்தால் முழு மேட். வரவேற்பறை, படுக்கையறைச் சுவர்களுக்கு முதல் வகுப்பு மேட் போதும். ஆள் உரசிக்கொண்டே போகும் நடைவழிக்கு எக்-ஷெல் வேண்டும். அப்படியானால் சுவர் முழுவதும் பட்டி இழுத்தே ஆக வேண்டும். சாட்டினும் அதற்கு மேற்பட்டதும் கதவுக்கும் அலமாரிக்குமானவை. பெரிய சுவரில் சாட்டின் கறுப்பு நன்றாக வந்த வீடுகள் இருக்கலாம். பட்டிக்காரரின் கை அங்கே அபாரமாக இருந்திருக்கும்.

எந்தச் சுவர், எத்தனை சுவர்

“அறை இருட்டாகிவிடாதா” என்ற கேள்விக்கு ஏறக்குறைய ஒரு கணக்கே போடலாம். 4 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் உள்ள அறை. சீலிங் 16, தரை 16, நான்கு சுவரும் சேர்ந்து 48, மொத்தம் 80 சதுர மீட்டர். சீலிங் 80 விழுக்காடு ஒளியைத் திருப்புகிறது, தரை 30, சுவர்கள் 70 என்று வைத்துக்கொண்டால் சராசரி 64 விழுக்காடு. விளக்கிலிருந்து வரும் ஒளி பரப்புக்குப் பரப்பு மோதித் திரும்பிக்கொண்டே இருப்பதால், 1-ஐ 0.36-ஆல் வகுத்த அளவுக்கு, அதாவது ஏறத்தாழ 2.8 மடங்காகப் பெருகிவிடுகிறது. ஒரு சுவரை மட்டும் கறுப்பாக்கினால் சராசரி 54-க்கு இறங்கும், பெருக்கம் 2.2 மடங்கு ஆகும்: வெளிச்சம் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. இதைப் பெரும்பாலானோர் கவனிக்கக்கூட மாட்டார்கள். நான்கு சுவரையும் கறுப்பாக்கினால் சராசரி 25, பெருக்கம் 1.3: வெளிச்சம் பாதிக்கு வந்துவிடும், பழைய நிலைக்குக் கொண்டுவர லூமென் (விளக்கு தரும் ஒளியின் அளவு) இரண்டு மடங்கு வேண்டும். சீலிங்கும் கறுப்பானால் பெருக்கம் வெறும் 1.1. விளக்கு நேரடியாகப் படும் இடம் மட்டுமே வெளிச்சம், மற்ற இடமெல்லாம் நிழல். படம் பார்க்கும் அறைக்கு அதுதான் வேண்டும். சுவரில் பட்டுத் திரும்பும் ஒளி திரையில் விழுந்து படத்தை வெளிறடிக்காது. படிக்கிற அறைக்கு அது ஆகாது.

ஒரு சுவர் என்று முடிவானால் எந்தச் சுவர்? ஜன்னலுக்கு எதிர்ச்சுவர்தான் பகல் வெளிச்சத்தை அறைக்குள் திருப்பி அனுப்புகிறது. அதைக் கறுப்பாக்கினால் பகல் வெளிச்சத்தில் இழப்பு அதிகம். ஜன்னல் இருக்கும் சுவரையே கறுப்பாக்கினால், இருண்ட சட்டத்துக்குள் பிரகாசமான சதுரம் கண்ணைக் கூசும். ஜன்னலுக்குப் பக்கச் சுவரில் ஒளி சாய்வாக வழுக்கிச் செல்வதால் பட்டிக் குறைகள் வரிசையாகத் தெரியும். குறையில்லாத தேர்வு இதில் இல்லை. சுவரைச் சீராக்க நேரமும் ஆளும் இருந்தால் பக்கச் சுவர், இல்லாவிட்டால் ஜன்னலிலிருந்து தள்ளி இருக்கும் எதிர்ச்சுவரும் மேட்டும். டிவி இருக்கும் சுவர் எந்தப் பக்கமானாலும் நல்ல தேர்வு. அணைந்த திரை சுவரோடு கலந்துவிடும். படம் ஓடும்போது பின்னால் மங்கலான ஒரு விளக்கு மட்டும் வேண்டும், இல்லாவிட்டால் கண் சோரும்.

விளக்கை மாற்றாமல் சுவரை மட்டும் மாற்றுவதுதான் பலரும் விடும் பிழை. கறுப்புச் சுவரின் மேல் ஒளியைக் கொட்டுவது வீண், அது விழுங்கிவிடும். ஒளியைச் சுவருக்கு முன்னால் இருக்கும் பொருள்மேல் விட வேண்டும்: படம், செடி, மரச்சாமான், மேசைப்பரப்பு. சீலிங்கில் பதித்த விளக்குகள் சுவரிலிருந்து 15, 20 செ.மீ. தூரத்தில் இருந்தால் சுவரை நக்கிக்கொண்டே இறங்கும் ஒளி ஒவ்வொரு மேடுபள்ளத்தையும் காட்டிக்கொடுக்கும். 60 முதல் 90 செ.மீ. தள்ளி வையுங்கள். விளக்கின் நிற வெப்பநிலை 2700 முதல் 3000 கெல்வின், அதாவது மஞ்சள் சாயல் ஒளி. 6500 கெல்வின் விளக்கில் கறுப்பு நீலம் பாய்ந்து தகரம்போலத் தெரியும்.

வெப்பம் பற்றிய பயம் பெரும்பாலும் தேவையற்றது. கறுப்பு வெப்பத்தை இழுக்கும் என்பது வெயில் நேரடியாகப் படும் வெளிச்சுவருக்குப் பொருந்தும். வீட்டுக்குள் சுவர்கள் ஒன்றுக்கொன்று பரிமாறிக்கொள்வது அகச்சிவப்பு வெப்பம். அந்த அலைநீளத்தில் வெள்ளைப் பெயின்டும் கறுப்புப் பெயின்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே, 0.9-ஐ ஒட்டிய உமிழ்திறனோடு (வெப்பத்தை வெளிவிடும் திறன்), நடந்துகொள்கின்றன. ஜன்னல் வழியாக வெயில் நேராக விழும் சுவராக இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

கறுப்பிலும் பல கறுப்பு

சிறிய நிற அட்டையில் எல்லாக் கறுப்பும் ஒன்றுதான். சுவரில் ஏறியதும் ஒன்று நீலம் காட்டும், ஒன்று பச்சை, ஒன்று பழுப்பு. எலும்புக் கரி நிறமி பழுப்புச் சாயல் கொண்டது. இரும்பு ஆக்சைடு கறுப்பு மென்மையானது, அவ்வளவு ஆழமாகப் போகாது. கார்பன் பிளாக்தான் ஆழமானது. கடை மெஷினில் கலக்கும் கறுப்புகளில் பெரும்பாலும் கார்பனோடு சில துளி சிவப்போ நீலமோ மஞ்சளோ சேர்ந்திருக்கும். சாயலைக் கண்டுபிடிக்க அட்டையை வெள்ளைத் தாளின்மேல் வைத்துப் பார்ப்பது போதாது. சுத்தமான கறுப்பு ஒன்றைப் பக்கத்தில் வைத்தால் உடனே தெரிந்துவிடும். குறைந்தது 60 செ.மீ. சதுரமான பலகையில் இரண்டு கோட் அடித்து, காய்ந்த பிறகு சுவருக்குச் சுவர் நகர்த்தி, பகலிலும் இரவு விளக்கிலும் பாருங்கள். சுவரிலேயே நேராகத் திட்டு அடித்துப் பார்க்க வேண்டாம். அந்தத் திட்டின் விளிம்பு கடைசிப் படலத்துக்கு அடியிலிருந்தும் தெரியும்.

தொழிற்சாலையிலேயே அரைத்து வரும் கறுப்பு கிடைத்தால் அதையே எடுங்கள். மெஷினில் கலக்கும்போது, வெள்ளை நிறமியான டைட்டானியம் டையாக்சைடு இல்லாத அடர் பேஸில் (நிறம் சேர்ப்பதற்கு முந்தைய அடிப் பெயின்ட்) நிறச்சாந்தை நிறைய ஊற்றுகிறார்கள். பல நிறச்சாந்துகளில் சீக்கிரம் ஆவியாகாத கிளைக்கால் என்ற திரவம் இருக்கும். அதனால் படலம் தொட்டால் காய்ந்ததாகத் தோன்றினாலும் உள்ளே பல நாள் மென்மையாகவே இருக்கும். கீறல், ஒட்டல் தொல்லைகள் பெரும்பாலும் இங்கிருந்துதான் தொடங்குகின்றன. கலந்தே வாங்க வேண்டியிருந்தால் முழு அளவையும் ஒரே நேரத்தில் வாங்கி, எல்லா டின்னையும் ஒரு பெரிய வாளியில் ஊற்றி ஒன்றாகக் கலந்து வையுங்கள். டின்னுக்கு டின் இரண்டு துளி வித்தியாசம் வந்தாலும் சுவரின் நடுவில் கோடு விழும்.

சுவரைத் தயார் செய்வது

நேரத்தில் பாதிக்கு மேல் இங்கே போக வேண்டும்.

முதலில் ஈரம். புதிய சிமென்ட் பூச்சு என்றால் குறைந்தது 28 நாள் காய வேண்டும். அவசரப்பட்டால் காரத்தன்மை படலத்தைத் தின்னும், உப்பு பூத்து வெளியே வரும். வெள்ளைச் சுவரில் உப்பு பூத்தால் தொட்டுப் பார்த்தால்தான் தெரியும். கறுப்பில் வாசலிலிருந்தே தெரியும். பழைய சுவராக இருந்தாலும் சந்தேகமுள்ள இடத்தில் 45 செ.மீ. சதுர பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் டேப் ஒட்டி குறைந்தது 16 மணி நேரம் விட்டுப் பாருங்கள். உள்பக்கம் நீர் கோத்திருந்தாலோ சுவர் கருத்திருந்தாலோ ஈரம் வரும் வழியை அடைக்காமல் பெயின்டைத் தொட வேண்டாம். பூத்திருக்கும் உப்பை உலர்ந்த பிரஷால் தட்டி எடுக்க வேண்டும். தண்ணீர் விட்டுக் கழுவினால் அது கரைந்து மறுபடியும் சுவருக்குள்ளேயே போய்விடும். அதன் பிறகு காரம் தாங்கும் பிரைமர்.

பழைய எனாமல் இருந்தால் உப்புத்தாள் போட்டு அதன் பளபளப்பை எடுக்காமல் எதுவும் பிடிக்காது. மிகப் பழைய எண்ணெய்ப் பெயின்டில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. அதை உலர்வாகத் தேய்க்கக் கூடாது. சோதித்துப் பார்த்துவிட்டுத் தேவையானால் ஈரமாகத் தேய்க்க வேண்டும். வெறும் டிஸ்டெம்பர் என்றால் விரலில் மாவு ஒட்டும். அதை முழுக்கச் சுரண்டி எடுத்துவிடுவது ஒன்றே வழி.

அடுத்தது டார்ச் சோதனை. இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைச் சுவரோடு சுவராகப் படுக்க வைத்துப் பிடித்து நகர்த்துங்கள். பகலில் தெரியாத பள்ளம், கரணைத் தடம், பழைய டச்-அப் மேடு அனைத்தும் நிழல் விட்டுக் காட்டும். அந்த இடங்களைக் குறிக்கப் பென்சில் வேண்டாம், மாஸ்கிங் டேப்பைக் கிள்ளி ஒட்டுங்கள். பென்சில் கரி மினுங்கும் பொருள். மெல்லிய பெயின்ட் படலத்துக்கு அடியிலிருந்தும் சில சமயம் கண்ணில் படும்.

பட்டியைத் திட்டுத்திட்டாக வைப்பதா, முழுச் சுவருக்கும் இழுப்பதா என்பதில் கறுப்புக்கு ஒரே பதில்: நான்கைந்து இடத்துக்கு மேல் போனால் முழுச் சுவர். காரணம் உறிஞ்சும் தன்மை. பட்டி வைத்த இடம் பெயின்டிலுள்ள நீரையும் பசையையும் கூடுதலாக இழுத்துக்கொள்வதால் அங்கே படலம் மங்கலாகவும், சுற்றிலும் சற்றுப் பளபளப்பாகவும் காயும். நிறம் ஒன்றாகவே இருந்தாலும் பக்கவாட்டில் பார்க்கும்போது பட்டி வைத்த இடத்தின் வடிவம் அப்படியே தெரியும். முழுச் சுவருக்கு மெல்லிசாக இரண்டு கை, முதல் கை காய்ந்த பிறகே இரண்டாவது. ஒரே கையில் தடிமனாக வைத்தால் வெடிக்கும். காய்ந்த பின் 150 உப்புத்தாள், பிறகு 220. 100-க்குக் கீழான முரட்டுத் தாள் போட்ட கீறலை இரண்டு கோட் பெயின்ட் நிரப்பாது.

பிறகு தூசி. பட்டித் தூள் ஒட்டிய சுவரில் அடித்த பிரைமர் சுவரைப் பிடிக்காது, தூளைத்தான் பிடிக்கும். பின்னாளில் மாஸ்கிங் டேப்பை இழுக்கும்போது பெயின்டோடு பட்டியும் தகடாக உரிந்து வருவது இதனால்தான். பிரஷ் முனையுள்ள வாக்குவம், அடுத்து நன்கு பிழிந்த ஈரத் துணி, காய்ந்ததும் கறுப்புத் துணியால் ஓர் இழுப்பு. துணியில் வெள்ளை ஒட்டினால் மறுபடியும் முதலிலிருந்து.

பிரைமரைச் சாம்பல் நிறமாகக் கலந்து வாங்குங்கள். வெள்ளைப் பிரைமர் மேல் கறுப்பு நன்றாகவே மூடும், கார்பனின் மூடுதிறன் அப்படி. ஆனால் நாற்காலி முனை பட்டுச் சிறு சிராய்ப்பு விழுந்தால் அடியிலிருந்து வெள்ளை பளிச்சென்று எட்டிப் பார்க்கும். அதற்காகப் பிரைமரையும் கறுப்பாக்கிவிட்டால் மேல் கோட் எங்கே விட்டுப்போனது என்று தெரியாது. நடுத்தரத்துக்குச் சற்று மேலான சாம்பல் இரண்டுக்கும் சரி. பிரைமர் காய்ந்ததும் டார்ச்சை மறுபடி எடுங்கள். ஒரே நிறத்தில் வந்துவிட்ட சுவர் முன்பு மறைத்த குறைகளை இப்போது காட்டும். சரிசெய்த ஒவ்வொரு இடத்துக்கும் திரும்பப் பிரைமர் வைக்க வேண்டும், அதை விட்டால் உறிஞ்சும் சிக்கல் திரும்ப வந்துவிடும்.

அடிக்கும் நாள்

அளவு: 4 மீட்டர் நீளம், 2.8 மீட்டர் உயரமுள்ள சுவர் 11.2 சதுர மீட்டர். இரண்டு கோட்டுக்கு 22.4. லிட்டருக்கு 10 சதுர மீட்டர் என்று எடுத்தால் 2.25 லிட்டர். ரோலரும் டிரேயும் குடிப்பது, பின்னாளில் டச்-அப் செய்ய எடுத்து வைப்பது இவற்றையும் சேர்த்து 3 லிட்டர் வாங்கினால் நிம்மதி. டின்னில் 12, 14 என்று போட்டிருந்தாலும் 10-ஐயே வைத்துக் கணக்கிடுங்கள். ஒரு லிட்டரை 10 சதுர மீட்டரில் பரப்பினால் ஈரப் படலம் 100 மைக்ரான். அதைவிட இழுத்துப் பரப்பினால் மேட்டின் சீர் கெட்டுவிடும்.

10 முதல் 12 மி.மீ. நார் கொண்ட மைக்ரோஃபைபர் ரோலர், அகலம் 23 முதல் 25 செ.மீ. புதிய ரோலரைச் சோப்பு நீரில் அலசி நன்றாகக் காய வைத்து, மாஸ்கிங் டேப்பால் ஒருமுறை ஒற்றி எடுத்துவிடுங்கள். உதிரும் நார் வெள்ளையில் மறைந்துவிடும், கறுப்பில் மயிர்போலத் துருத்தும். பெயின்டை நைலான் வலையில் வடிகட்டுங்கள். தண்ணீர் சேர்ப்பதாக இருந்தால் டின்னில் சொன்ன அளவு மட்டும், அதையும் இரண்டு கோட்டுக்கும் அளந்து ஒரே விகிதத்தில்.

மின்விசிறியும் ஏசியும் அணைந்திருக்க வேண்டும், வெயில் சுவரில் படும் நேரம் கூடாது. காய்வது எவ்வளவு நிதானமாக நடக்கிறதோ அவ்வளவு நல்லது. ரோலர் கோடு விழுவதற்குக் காரணம், பாதி காய்ந்த விளிம்பின்மேல் புதிய பெயின்ட் ஏறுவதுதான். அந்த ஒட்டில் படலம் இரட்டிப்பாகித் தோல் மாறிவிடுகிறது. ஆகவே ஈரமான விளிம்பு காய்வதற்குள் அடுத்த பட்டை சேர்ந்துவிட வேண்டும். இருவர் இருந்தால் நல்லது. ஒருவர் பிரஷால் மூலையையும் ஓரத்தையும் ஒரு மீட்டர் அளவுக்குப் பிடித்துக்கொண்டே முன்னே போக, மற்றவர் உடனே பின்னால் ரோலரோடு வர வேண்டும். சுவர் முழுக்க ஓரம் பிடித்து முடித்துவிட்டு, காய்ந்த பிறகு நடுவில் ரோலர் போட்டால் சுவரைச் சுற்றிச் சட்டம் அடித்ததுபோல ஒரு கரை நிற்கும். பிரஷின் தடம் வேறு, ரோலரின் தடம் வேறு. கறுப்பு இரண்டையும் பிரித்துக் காட்டும். பிரஷ் தடத்தின்மேல் ரோலரை முடிந்தவரை ஓரத்துக்கு நெருக்கி உருட்டிவிடுங்கள்.

ஒரு மீட்டர் அகலத்துக்கு மேலும் கீழுமாகப் பரப்பி, கடைசியில் ரோலரில் புதிதாகப் பெயின்ட் எடுக்காமல், அழுத்தாமல், மேலிருந்து கீழாக ஒரே திசையில் ஓர் இழுப்பு. எல்லாப் பட்டைக்கும் அதே திசை. பிறகு அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கக் கூடாது. ஐந்து நிமிடம் கழித்து ஒரு புள்ளி விட்டுப்போனது கண்ணில் பட்டு, அதன்மேல் ரோலரை வைப்பதைப்போலச் சுவரைக் கெடுக்கும் செயல் வேறில்லை. அடுத்த கோட் பார்த்துக்கொள்ளும். சுவரின் நடுவில் டீ குடிக்கவோ போன் பேசவோ நிறுத்தக் கூடாது. மூலையிலிருந்து மூலை வரை ஒரே மூச்சு.

ஈரமாக இருக்கும்போது கறுப்பு அழகாகவே தெரியும், காயக் காயத் திட்டுத்திட்டாகத் தெரியும், முழுதும் காய்ந்த பிறகு பெரும்பாலும் சேர்ந்துவிடும். நடுக்கட்டத்தில் பயந்து கை வைக்க வேண்டாம். டின்னில் 4 மணி நேரம் என்று இருந்தாலும் மெஷினில் கலந்த அடர் நிறமாக இருந்தால் இரண்டாம் கோட்டுக்கு ஓர் இரவு விடுவது உத்தமம். இடையில் தூசி முள் தட்டுப்பட்டால் அந்த இடத்தை மட்டும் 320 உப்புத்தாளால் லேசாக. இரண்டாம் கோட்டும் காய்ந்த பிறகு மினுக்கத் திட்டு இருந்தால் மூன்றாம் கோட் முழுச் சுவருக்கும் அடிக்க வேண்டியதுதான். அந்தத் திட்டுக்கு மட்டும் அடித்தால் திட்டு இடம் மாறுமே தவிரப் போகாது.

வெள்ளை சீலிங்கைச் சந்திக்கும் கோட்டுக்குத் தனிக் கவனம் வேண்டும். சீலிங்கை முதலில் முடித்து நன்கு காய விடுங்கள், 24 மணி நேரமாவது. டேப் ஒட்டி, அதன் விளிம்பில் முதலில் அதே சீலிங் வெள்ளையையே மெல்லிசாக ஒரு கை இழுங்கள். டேப்புக்கு அடியில் கசிவது வெள்ளையாகவே இருக்கும், இடுக்கும் அடைந்துவிடும். அதன்மேல் கறுப்பு. கடைசிக் கோட் ஈரமாக இருக்கும்போதே டேப்பைப் பின்னோக்கி மடக்கி மெதுவாக இழுங்கள். காய்ந்துவிட்டிருந்தால் பிளேடால் கோடு போட்ட பிறகே. சீலிங் மூலை நேராக இல்லாத வீடுகளில் மூலையைப் பின்பற்றினால் கறுப்பு அலையலையாக நெளியும். வெள்ளையைச் சுவரில் 4, 5 மி.மீ. கீழே இறக்கி, மட்டம் பிடித்து நேர்க்கோட்டில் கறுப்பைத் தொடங்கினால் கண் அந்த நேர்க்கோட்டைத்தான் மூலையாக எடுத்துக்கொள்ளும்.

சுவிட்ச் தட்டுகளை மெயினை அணைத்துவிட்டுக் கழற்றி, அவற்றுக்கு அடியிலும் சில மி.மீ. பெயின்ட் போகட்டும். வெள்ளை சுவிட்ச் தட்டு கறுப்புச் சுவரில் அடுத்த அறையிலிருந்தே தெரியும். சாம்பலோ கறுப்போ மாற்றிவிடலாம்.

அதன் பிறகு

படலம் முழுதாக இறுகச் சுமார் 30 நாள் ஆகும். அதுவரை கழுவுவது, சாமானைச் சுவரோடு ஒட்டி வைப்பது, ரப்பர் முனை உள்ள சட்டங்களை மாட்டுவது எதுவும் வேண்டாம். குளியலறையில் அடித்திருந்தால் முதல் வாரங்களில் கறுப்பின்மேல் வெளிறிய, கொஞ்சம் பிசுபிசுப்பான வழிசல்கள் வரக்கூடும். பெயின்ட் கெட்டுவிட்டதாக நினைக்க வேண்டாம். எமல்ஷனில் நீரோடு கலக்கச் சேர்க்கும் சோப்பு போன்ற பொருள் நீராவியில் கரைந்து மேலே வருவதுதான் அது. வெதுவெதுப்பான தண்ணீரால் மெல்ல ஒற்றிக் கழுவினால் போய்விடும். சில தடவை திரும்ப வந்து பிறகு நின்றுவிடும். பெயின்ட் நன்றாக இறுகும் முன்பே குளிக்கத் தொடங்கிய வீடுகளில்தான் இது அதிகம்.

தூசி வெளிர் நிறமுடையது என்பதை மறந்துவிடாதீர்கள். சொரசொரப்பான சுவரிலும் ஸ்கர்ட்டிங்கின் (சுவரடியில் ஓடும் பட்டை) மேல் விளிம்பிலும் அது சாம்பல் கோடாக நிற்கும். மென்மையான உலர்ந்த பிரஷால் மேலிருந்து கீழாகத் தட்டுவதே போதும். கறை என்றால் வெறும் தண்ணீரில் நனைத்த மைக்ரோஃபைபர் துணி, அழுத்தாமல், கறைக்கு மட்டும் என்றில்லாமல் அந்தப் பகுதி முழுக்க. சோப்பு பட்டால் எச்சம் வெள்ளையாகப் படியும். உப்பு நீரும் அப்படியே, வடிகட்டிய நீர் நல்லது. மெலமைன் ஸ்பாஞ்ச் பக்கமே போக வேண்டாம். அது மிக நுண்ணிய உப்புத்தாள். கறையோடு மேட் தன்மையையும் எடுத்துவிடும்.

டச்-அப்புக்கு 250 மி.லி. அளவைக் காற்றுப் புகாத சிறு கண்ணாடிப் புட்டியில், கலவைச் சீட்டையும் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். பிரஷால் தொடாதீர்கள். அதே நாருள்ள சிறு ரோலரால், கொஞ்சமாக எடுத்து, ஓரம் கரையும்படி ஒற்ற வேண்டும். மேட்டில் இது பெரும்பாலும் கைகொடுக்கும். எக்-ஷெல்லிலும் சாட்டினிலும் திட்டு தெரிந்தே தீரும்; அங்கே மூலைக்கு மூலை ஒரு கோட் அடிப்பதுதான் நேரத்தை மிச்சம் பிடிக்கும். ஆணித் துளையை நிரப்பும் பட்டியில் கொஞ்சம் கறுப்புப் பெயின்டையே குழைத்துவிட்டால் பாதி வேலை குறையும்.

சாக்பீஸில் எழுதும் கரும்பலகைப் பெயின்டை அழகுக்காகச் சுவர் முழுக்க அடிப்பதைப் பற்றி ஒரு வார்த்தை: அடிக்காதீர்கள். அது எழுதுவதற்கான பரப்பு. சில நாள் இறுகவிட்டு, சாக்பீஸைப் படுக்க வைத்து முழுப் பரப்பிலும் தேய்த்து அழித்த பிறகுதான் எழுதவே தயாராகும். இல்லாவிட்டால் முதலில் எழுதியது நிழலாகத் தங்கிவிடும். அதன் பிறகு அது என்றைக்கும் சாம்பல்தான்.

கடைசியாக, அலுத்துப்போய் வெள்ளைக்குத் திரும்ப நினைப்பவர்களுக்கு. கறுப்பின்மேல் வெள்ளை ஏறாது என்பதில் பாதிதான் உண்மை. கார்பன் நீரில் கரையாது. கறைபோல மேலே கசிந்து வராது. எனவே கறை தடுக்கும் எண்ணெய் பிரைமர் தேவைப்படாது. வேண்டியது மூடுதிறன் மட்டும். 220 உப்புத்தாளால் மேல்தோலை மங்கலாக்கி, கறுப்புத் தூள் வீடு முழுக்கப் பரவாமல் கதவிடுக்கை அடைத்து, மாஸ்க் அணிந்து வேலை செய்யுங்கள். தூசி போக ஈரத் துணி. பிறகு மூடுதிறன் அதிகமான வெள்ளைப் பிரைமர் இரண்டு கோட், மேலே வெள்ளை இரண்டு கோட். சுவரின் நடு சுலபமாக மூடிவிடும். கறுப்பு எட்டிப் பார்ப்பது மூலை, சீலிங் கோடு, ஸ்கர்ட்டிங் விளிம்பு, சுவிட்ச் தட்டின் ஓரம் இவற்றில்தான். அங்கே ரோலர் நுழைவதற்கு முன்பே பிரஷால் பிரைமரை இரண்டு முறை தனியாக வைத்துக் காய விடுங்கள்.